மேட்விஆர்: காசு வேண்டாம், பொறுமை வேண்டும்

கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரிகிறதே என்று டிவியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றம் டிவியோடு இணைத்திருந்த என் கணினியின் அமைப்பில். கிராபிக்ஸ் கார்டு கறுப்பு முதல் வெள்ளை வரையிலான ஒளி அளவை 16–235 என்று அனுப்ப, டிவி 0–255ஐ எதிர்பார்த்தது. அதை மாற்றியதுமே பாதி நோய் தீர்ந்தது.

அப்புறம்தான் மேட்விஆர் போட்டேன். விண்டோஸுக்கான இலவச வீடியோ ரெண்டரர், அதாவது வீடியோவைத் திரைக்கு ஏற்றபடி பதப்படுத்திக் காட்டும் மென்பொருள். எம்பிசி-எச்சி பிளேயருக்குள் ஓடுகிறது. பழைய டிவிடிகளை என்ஜியு என்ற அதன் பெரிதாக்கும் முறையில் திரைக்கு விரிக்கும்போது ஓரங்கள் படிக்கட்டு போல உடைவதில்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. நொடிக்கு 24 பிரேம் உள்ள படம் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், ஓடினால் ஒரு பிரேம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று வரும். கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் அந்தத் திக்கல் கண்ணை உறுத்தும். சரியாக அமைத்துவிட்டால், படத்துக்கேற்ப டிவியின் ஹெர்ட்ஸை இதுவே மாற்றிக்கொள்கிறது. திக்கல் போயே போச்சு!

அமைப்புப் பக்கங்கள்தான் புதர்க்காடு. பேராசையில் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன். கார்டின் விசிறி மிக்சி மாதிரி இரைந்து வசனத்தையே விழுங்கியது. என்ஜியுவை நடுத்தரத்துக்கு இறக்கினேன், சத்தம் அடங்கியது. சோபாவிலிருந்து பார்த்தால் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, சத்தியமாக.