லேபில் முட்டையை முதிர வைக்கிறோம் என்று சொன்னால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பிசிஓடி (சினைப்பையில் நீர்க்கட்டி) உள்ள தங்கைமார் யாராவது, முட்டையை லேபில் முதிர வைக்கும் ஐவிஎம் சிகிச்சை செய்துகொள்ள யோசிக்கிறீர்களா? எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையில் என்னையும் என் கணவரையும் நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்.

அந்தச் சிகிச்சை முறையை நான் குறை சொல்லவில்லை. வழக்கமான ஐவிஎஃப்பில் (டெஸ்ட் டியூப் குழந்தை முறை) பத்து நாள் போல ஊசி போட்டு முட்டைகளை வளர்ப்பார்கள். பிசிஓடி இருந்தால் அதில் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் அபாயம் அதிகம். ஐவிஎம்மில் முதிராத முட்டையையே எடுத்து, லேபில் ஒன்றிரண்டு நாள் வைத்து முதிர வைப்பார்கள். ஊசி கொஞ்சம்தான், சிலருக்கு அதுவும் இல்லை. 1991-லேயே கொரிய மருத்துவர்கள் இப்படிக் குழந்தை பிறந்ததாக அறிவித்திருக்கிறார்கள்.

ஆனால் ஐவிஎஃப்பைவிட இதில் குழந்தை கிடைக்கும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு, எடுத்த முட்டையெல்லாம் முதிராது என்பதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. கவுன்சலிங் என்று உட்கார வைத்தவர் பேக்கேஜ் தொகையை மட்டும்தான் பேசினார். சம்மதப் பத்திரத்தை, தியேட்டர் கவுன் மாட்டிப் படுக்க வைத்த பிறகு நீட்டினார்கள். முழுக்க மலையாளம். நான் தமிழ் மீடியம். மலையாளம் பேசுவேன், வாசிக்க வராது. வாசித்துக் காட்டச் சொன்னால், "எல்லாரும் போடுறதுதான் சேச்சி, கையெழுத்துப் போடுங்க" என்றார் நர்ஸ்.

அப்புறம் ஒரு போன் வந்தது: முட்டை ஒன்றுகூட முதிரவில்லையாம். எத்தனை எடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. பில்லில் மட்டும் இக்ஸி (முதிர்ந்த முட்டைக்குள் விந்தணுவைச் செலுத்துவது) சார்ஜ் இருந்தது, கருவை உறைய வைத்த சார்ஜும் இருந்தது. முட்டையே முதிராதபோது எந்தக் கருவை உறைய வைத்தார்கள்? என் கணவர் அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டார். "பேக்கேஜ் அப்படித்தான்" என்று கேஷியர் பில்லை எங்கள் பக்கமே தள்ளிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது.

2021-ல் வந்த ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி வெற்றி வாய்ப்பு, பக்கவிளைவு, செலவு எல்லாவற்றையும் அவர்கள் முன்கூட்டியே விளக்கியாக வேண்டும். புகார்ப் பிரிவும் வைத்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இதுவரை இந்த லேபில் ஐவிஎம்மில் எத்தனை குழந்தை பிறந்தது என்று கேளுங்கள். எடுத்த முட்டை, முதிர்ந்தது, கருவானது எத்தனை என்று எழுத்தில் வாங்குங்கள். முட்டை முதிராமல் போனால் எந்தப் பணம் திரும்பி வரும் என்பதையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

லேப் ரிப்போர்ட்டும் அந்த இரண்டு சார்ஜ் பணமும் கேட்டு அவர்களுடைய புகார்ப் பிரிவில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.