கேனிஸ்டரா, ஸ்கிம்மரா? கடல்மீன் தொட்டிக்கு எதைப் பொருத்துவது

கொளத்தூர் கடைகளில் கடல்மீன் வாங்கப் போகிறவர்களை முதலில் குழப்புவது மீன் இல்லை, ஃபில்டர்தான். வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டரான கேனிஸ்டர் போதுமா, இல்லை தொட்டிக்குக் கீழே சம்ப் என்னும் இரண்டாவது தொட்டியை வைத்து, அதில் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரைப் பொருத்த வேண்டுமா? சென்னையில் என் 200 லிட்டர் தொட்டிக்கு நான் சம்பையும் ஸ்கிம்மரையும்தான் தேர்ந்தெடுத்தேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

கேனிஸ்டரின் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு, சத்தம் குறைவு, இடத்தை அடைக்காது, கண்ணாடியில் துளை போட வேண்டாம். நன்னீர் தொட்டியிலிருந்து மாறுபவர்களிடம் பெரும்பாலும் ஏற்கெனவே ஒன்று இருக்கும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

வேலை செய்யும் விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. கேனிஸ்டர் கழிவைப் பிடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். அங்குள்ள பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அடிக்கடி திறந்து கழுவாவிட்டால் நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். ஸ்கிம்மரோ, கழிவு மக்குவதற்கு முன்பே அதை வெளியேற்றிவிடும். நுண்ணிய காற்றுக் குமிழ்களில் புரதக் கழிவு ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி, கோப்பையில் கருந்தேநீர் நிறத்தில் சேரும். நாற்றம் தாங்காது. ஆனால் அந்த நாற்றம் தொட்டிக்குள் இல்லையே! நன்னீரில் இவ்வளவு நுண்ணிய குமிழ் நிற்காது என்பதால் இது கடல்நீருக்கே உரிய வசதி.

என்னை முடிவெடுக்க வைத்தது இது கூட இல்லை, கரண்ட் கட்தான். 2016 வர்தா புயலிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. புயலே வேண்டாம், கோடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போனாலே சில மணி நேரம் போய்விடும். கேனிஸ்டர் மூடிய டப்பா. ஓட்டம் நின்றதும் உள்ளே இருக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிட்டு மடியத் தொடங்கும். கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடானால் இன்னும் குறையும். கரண்ட் வந்ததும் அந்த அழுகிய தண்ணீரை மோட்டார் நேராக மீன்கள் மேல் தள்ளும். கரண்ட் இல்லாதபோது தப்பித்த மீன், வந்த பிறகு சாகும் கதை இதுதான்.

சம்ப் அமைப்பில் பாக்டீரியாவின் பெரும்பகுதி தொட்டிக்குள் இருக்கும் கற்களிலேயே வாழ்கிறது. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றைப் போட்டுவிட்டால் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் சேர்த்தே காற்று கிடைக்கும். ஸ்கிம்மர் ஒரு ராத்திரி நின்றால் ஒன்றும் ஆகிவிடாது.

சம்புக்கும் கரண்ட் கட்டில் ஒரு சிக்கல் உண்டு. மோட்டார் நின்றதும் மேலே இருக்கும் தண்ணீர் கீழே வடியும். 100 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலத் தொட்டியில் 2 செ.மீ. இறங்கினாலே 9 லிட்டர். சம்பில் அதற்குமேல் காலி இடம் இருக்க வேண்டும். மேலே தண்ணீர் ஏறும் குழாயின் வாய் ஆழத்தில் இருந்தால் சைஃபன் ஆகி இன்னும் இழுக்கும். வாயை நீர்மட்டத்தை ஒட்டியே வையுங்கள். புதுத் தொட்டியில் நீங்களே சுவிட்சை அணைத்துச் சோதித்துப் பாருங்கள், அதுவும் வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரமாக.

மூன்றாவது வழி, லைவ் ராக்கை, அதாவது பாக்டீரியா குடியிருக்கும் கடல் கல்லை மட்டும் நம்புவது. இது பெரும்பாலும் பழைய பவள எலும்புக்கூடுதான். 1960களின் தொடக்கத்திலேயே ஜகார்த்தாவின் மீன் வளர்ப்பாளர் லீ சின் எங் உயிருள்ள கல்லும் காற்றுக் குமிழுமாகத் தொட்டி நடத்திக் காட்டினார். ஆனால் இங்கே பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாக் கல் என்று யாராவது கொடுத்தால் தொடாதீர்கள். செராமிக் கல் போதும். பாக்டீரியா நிலைக்கச் சில வாரம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் தொட்டியில் மீன்கள் மட்டும்தான். சம்பில் கீட்டோ பாசி வளர்த்து நைட்ரேட்டைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஓரளவுதான் வளர்த்திருக்கிறேன், அதனால் அதை ஸ்கிம்மருக்கு மாற்று என்று சொல்லத் தயங்குகிறேன். நூறு லிட்டருக்குக் குறைவான தொட்டியில் ஒன்றிரண்டு மீன் என்றால், வாராவாரம் தண்ணீர் மாற்றினால் ஸ்கிம்மர் இல்லாமலும் சமாளிக்கலாம்.

ஏற்கெனவே கேனிஸ்டர் வாங்கிவிட்டீர்களா? சரி, தூக்கிப் போட வேண்டாம். தொட்டியில் போதுமான கல்லை வைத்து அது நிலைத்த பிறகு, கேனிஸ்டரில் இருக்கும் செராமிக் வளையங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு கார்பனும் பஞ்சும் மட்டும் வையுங்கள். பஞ்சை வாரம் ஒருமுறை கழுவுங்கள். கரண்ட் நீண்ட நேரம் போனால் குழாய்களின் வால்வை மூடிவிட்டு, திரும்ப ஓட விடுவதற்கு முன் உள்ளே தேங்கிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள்.