வன்னி வரலாறு தேடுவோருக்கு நூலகம் இணையத்தளம்: ஒரு பயனரின் மதிப்பீடு

எங்கள் ஊர்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்காக இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள முல்லைத்தீவுப் பகுதியின் பழைய குளங்களையும் கோயில்களையும் பற்றி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, வீட்டில் அதற்கு உதவக்கூடிய ஒரு புத்தகம்கூட மிஞ்சியிருக்கவில்லை. சேர்த்து வைத்த மலர்கள் யாவும் 2009இல் இடப்பெயர்வோடு போய்விட்டன. ஆகவே மூன்று வாரங்கள் பெரும்பாலும் நூலகம் இணையத்தளத்தையே நம்பியிருந்தேன்.

2005இல் தொடங்கப்பட்ட இத்தளம், இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் மின்வடிவில் பேணி, கட்டணமின்றி வாசிக்கத் தருகிறது. ஊர் வரலாறு தேடுபவருக்கு இதில் பெரும் பயன் தருபவை, பெரிய நூல்களைக் காட்டிலும், வேறெங்கும் கிடைக்காத கும்பாபிஷேக மலர்களும் பாடசாலை மலர்களுமே என்பது என் எண்ணம். பல மலர்களுக்கு உள்ளடக்கத்தையும் தட்டச்சிட்டு வைத்திருப்பதால், கட்டுரைத் தலைப்பில் ஊர்ப்பெயர் இருந்தாற் போதும், தேடலில் அகப்பட்டுவிடுகிறது.

வன்னிக்கு அடிப்படை ஆவணம், பிரித்தானிய ஆட்சிக்கால அதிகாரியான ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல். அதன் ஒளிவருடிய பிரதி இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் ஆங்கில நூலாகையால் ஊர்ப்பெயர்கள் பெருஞ்சோதனை. ல, ள, ழ மூன்றும் அங்கே ஒரே எழுத்து. அளம்பில் என்ற ஊரை அறியாதவர் அதை 'அலம்பில்' என்றே எழுதிவிடுவார். வவுனியாவைத் தேடுபவர் அதன் பழைய பெயரில் வரும் 'விளாங்குளம்' என்றும் தேடிப் பார்க்க வேண்டும். நான் பயன்படுத்திய பிரதியில் கணினி வாசித்த எழுத்து பல இடங்களில் குழம்பியிருந்தபடியால், தேடுபெட்டியைக் கைவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று என்ற பழைய பிரிவுப் பெயர்களைக் கண்ணால் காண்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

இணையப் பதிவுகளை அப்படியே எடுத்தாள்வதில் உள்ள அபாயத்துக்கு, வன்னியை ஆண்ட சிற்றரசன் பண்டாரவன்னியன் பற்றிய செய்தி நல்ல எடுத்துக்காட்டு. ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட நினைவுக்கல், பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அவனை இப்பகுதியில் தோற்கடித்தது 31.10.1803 அன்று என்கிறது. ஆனால் நினைவுநாளாகக் கொண்டாடப்படுவது ஆகஸ்ட் 25; அது முல்லைத்தீவுக் கோட்டையை அவன் கைப்பற்றிய நாளாகச் சொல்லப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, ஆகஸ்டிலேயே அவன் வீழ்ந்தான் என்று எழுதிய குறிப்புகளைக் கண்டேன். என் முதல் வரைவிலும் அதே பிழை இருந்தது. லூயிஸ் 1913இல் தொகுத்த கல்லறை, நினைவுச்சின்னப் பட்டியலையும் இதற்காகத் தேடிப் பார்ப்பது நல்லது.

குளங்களுக்கு, நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பார்க்கர் 1909இல் எழுதிய நூல் உண்டு; வவுனிக்குளத்தைப் பெலிவாபி என்ற பழங்காலக் குளமாக அவர் அடையாளங்காணும் பகுதி ஒன்றுக்காகவே அதைத் திறக்கலாம்.

கைத்தொலைபேசியில் வாசிப்போர் ஒளிவருடிய கோப்புகளின் பருமனைப் பார்த்துவிட்டே தரவிறக்க வேண்டும். என் ஒரு வாரத்து டேட்டா லூயிஸோடேயே முடிந்தது. பிறகு தேவையான பக்கங்களை மட்டும் அச்சிட்டு, ஊரிலுள்ள மூத்த கமக்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். நான் தவறாக உச்சரித்த நான்கு குளப்பெயர்களை அவர் திருத்தித் தந்தார்.