பிஐஎஸ் கேர் செயலி: குழந்தைக் காலணி வாங்கி விற்பவர்களுக்கு

பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் இந்தச் செயலிக்கு ஐந்துக்கு ஐந்து தருகிறேன். அதுவும் ஐஎஸ்ஐ தர முத்திரைக்கான உரிம எண்ணைச் சரிபார்க்கும் ஒரே ஒரு பக்கத்துக்காக. தங்கநகை முத்திரையைப் பார்க்கும் வசதி, புகார் அளிக்கும் வசதி எல்லாம் இதில் உண்டு. ஆனால் என் தொழிலுக்கு உரிம எண் பக்கம்தான் உயிர்.

சித்தூரில் குழந்தைகளுக்கான காலணிக் கடை வைத்திருக்கிறேன். பரதராமி தாண்டி குடியாத்தம் பக்கத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வருவார்கள். பள்ளி திறப்பதற்கு முன் ஓர் ஏஜென்ட் வெளிநாட்டுத் தோல் காலணிகளைக் கொண்டுவந்து காட்டினார். தையல் நேர்த்தி, உள்ளே மென்மையான தோல், பார்த்தவுடன் வாங்கத் தோன்றும் சரக்கு. அட்டைப்பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை, அதன்கீழ் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்.

அவர் எதிரிலேயே எண்ணைத் தட்டினேன். திரையில் வந்தது ஐஎஸ் 10702. அது ரப்பர் ஹவாய் செருப்புக்கான தரநிலை! உரிமம் பெற்றவரும் இந்தியாவில் உள்ள வேறொரு நிறுவனம். கேட்டதற்கு, "நம்பர் இருந்தால் போதும் அக்கா, யார் படித்துப் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். நான் படித்துப் பார்த்தேன், முன்பணம் கொடுக்கவில்லை.

2024 ஆகஸ்ட் 1 முதல் தோல் காலணிகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்துவிட்டது. இறக்குமதி செய்பவர் ஒரு தாளை வாங்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. உரிமம் இறக்குமதியாளருக்குக் கிடைப்பதே இல்லை. சரக்கு உற்பத்தியாகும் தொழிற்சாலைக்குத்தான் கிடைக்கும். வெளிநாட்டுத் தொழிற்சாலை என்றால் அது இந்தியாவில் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும், பிஐஎஸ் அதிகாரிகள் நேரில் போய் ஆலையைப் பார்க்க வேண்டும், மாதிரிகள் சோதனையில் தேற வேண்டும், 10,000 அமெரிக்க டாலருக்கு வங்கி உத்தரவாதமும் தர வேண்டும். ஒரே பிராண்ட் இரண்டு ஆலைகளில் தயாரானால் இரண்டுக்கும் தனித்தனி உரிமம். ஆகவே "எங்கள் கம்பெனிக்கு இருக்கிறது" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. எந்த ஆலை என்று கேளுங்கள்.

செயலி காட்டுவதில் உரிமம் பெற்றவரின் பெயர், முகவரி, எந்த வகைக் காலணி, எந்தெந்த பிராண்ட், எந்தத் தேதிவரை செல்லும், இப்போது நடப்பில் உள்ளதா என்று எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றையும் பெட்டியோடு ஒப்பிட வேண்டும். உண்மையான எண்ணை வேறு யாராவது திருடி அச்சிட்டால் எண் மட்டும் சரியாகத்தான் வரும். மற்ற விவரங்கள்தான் காட்டிக்கொடுக்கும். செயலியின் எல்லை இதுதான். பெட்டிக்குள் இருக்கும் ஜோடி அந்த ஆலையிலிருந்து வந்ததா என்று அதனால் சொல்ல முடியாது.

என் அப்பா பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர். குரோமிய உப்பால் தோலைப் பதனிடுவது சரியாக நடக்காவிட்டால் அதில் ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சு வடிவம் உருவாகலாம், சரும ஒவ்வாமைக்கு அது பெயர்போனது. ஐரோப்பிய ஒன்றியம் தோல் பொருள்களில் அதைக் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்கிறது. சாக்ஸ் போடாமல், வியர்வையோடு நாள் முழுவதும் ஓடும் மூன்று வயதுப் பிள்ளையின் காலை நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்த விதி காகித வேலை அல்ல.

சட்டமும் கடுமையானதுதான். முத்திரை இல்லாத சரக்கை இறக்குமதி செய்தவரை மட்டுமல்ல, விற்பவரையும் பிடிக்கும். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம். எங்களைப் போன்ற சிறிய கடைக்கு அதுவே மூடுவிழா.

பிறகு சென்னையில் ஓர் இறக்குமதியாளரிடம் வாங்கினேன். பெட்டியின் லேபிளை வாட்ஸ்அப்பில் கேட்டவுடன் முணுமுணுக்காமல் அனுப்பினார். ஆலை முகவரி, தரநிலை, பிராண்ட் எல்லாம் பொருந்தின. விலை ஜோடிக்குச் சற்று அதிகம்தான், ஆனால் அதற்கான காரணத்தை வாடிக்கையாளரிடம் செயலியைத் திறந்து காட்டிச் சொல்ல முடிகிறது. அந்த உரிமம் முடியும் தேதியைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஆர்டருக்கு முன் மீண்டும் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் அனுப்புவேன்.