தையல் கடையில் ஒரு வானொலிப் பெட்டி: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

தண்டையார்பேட்டையில் ஜாக்கெட், சுடிதார் தைக்கிற சின்னக் கடை என்னுடையது. கடை திறந்திருக்கும் நேரம் முழுக்க வானொலி ஓடும். டிவி வைத்தால் கண் அங்கே போய்விடும், அப்புறம் கத்தரி எங்கே போகிறதென்று சொல்ல முடியாது. போனில் பாட்டு வைத்தால், "ஜாக்கெட் ரெடியா?" என்று யாராவது கூப்பிட்டு நடுவில் நிறுத்துவார்கள். வானொலிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. மீடியம் வேவும் எஃப்எம்மும் பிடிக்கும், கரண்டிலும் பேட்டரியிலும் ஓடும் சாதாரணப் பெட்டிதான். பல வருஷமாகக் கேட்கிறேன்.

முதலில் இரைச்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆசையாக வாங்கியவர்கள் ஒரே வாரத்தில் பரணில் தூக்கிப் போடுவது இதனால்தான். அகில இந்திய வானொலியின் சென்னை முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸில், மீடியம் வேவில் வருகிறது. என் மோட்டார் மிஷினின் பெடலை மிதித்தால் போதும், பாடகர் காணாமல் போய் 'கொர்ர்' மட்டும் கேட்கும். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் பறக்கும் சின்னச் சின்னத் தீப்பொறிதான் காரணம். மலிவான எல்இடி பல்பும் போன் சார்ஜரும் இதே வேலையைச் செய்யும். மீடியம் வேவில் ஒலி, அலையின் உயரத்தில் ஏறி வருகிறது. இந்தத் தொல்லைகளும் அந்த உயரத்தைத்தான் கலைக்கின்றன. எஃப்எம்மில் ஒலி அதிர்வெண் மாற்றத்தில் வருவதால் அவ்வளவாகத் தெரியாது.

பலரும் ஏரியலை முழுசாக இழுத்துவிட்டு, அப்போதும் கேட்கவில்லை என்பார்கள். அந்தக் கம்பி எஃப்எம்முக்குத்தான். மீடியம் வேவை வாங்குவது பெட்டிக்குள் படுத்திருக்கும், கம்பி சுற்றிய ஃபெரைட் என்ற கருப்புத் தண்டு. அதற்குத் திசை உண்டு, அதனால் பெட்டியையே மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் பாதியாகக் குறையும்.

கடைசியில் என் வேலையே வானொலிக்கு ஏற்றபடி பிரிந்துவிட்டது. மோட்டார் ஓடும்போது எஃப்எம்: 101.4 அல்லது 102.3. காஜா, பட்டன், கை எம்மிங் போடும்போது 720.

காலையில் வீட்டிலேயே வானொலி ஆரம்பித்துவிடும். தம்புராவுக்கு மேல் வயலின் எழும் அந்த அடையாள இசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன், நாஜிகளின் காலத்தில் ஐரோப்பாவை விட்டு பம்பாய் வந்த யூத இசைக்கலைஞர். அப்புறம் வந்தே மாதரம், மங்கல இசை. 6.55க்கு சமஸ்கிருதச் செய்தி. ஒரு வார்த்தை புரியாது, ஆனால் அதைக் கேட்டால் பால் வாங்கப் போகவேண்டிய நேரம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' வந்த காலத்தில் காலை வேலைகள் சில நிமிஷம் நின்றுவிடும். பெரிய விஷயத்தைச் சின்னக் கதையாக்கி, சிரிக்க வைத்து முடிப்பார். 2009இல் அவர் போன பிறகு எத்தனையோ பேச்சு கேட்டுவிட்டேன், அந்த நிதானம் வேறு யாரிடமும் இல்லை.

கச்சேரி கேட்க மயிலாப்பூர் போகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச கர்நாடக சங்கீதம் பட்டன் தைத்துக்கொண்டே வந்தது. வானொலிக் கச்சேரிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு; ஆலாபனை அளவாக இருக்கும், இழுக்க முடியாது. புதிதாகக் கேட்பவர்களுக்கு சபாவைவிட இதுதான் நல்லது என்பேன். ஜனவரியில் திருவையாறு தியாகராஜர் ஆராதனை நேரடி ஒலிபரப்பு வரும் அன்று, அவருடைய பஞ்சரத்ன கீர்த்தனைகள் முடியும்வரை நான் மோட்டாரைத் தொடமாட்டேன்.

உழவர் நிகழ்ச்சி வந்தால் உதவிக்கு இருக்கும் பெண் கெஞ்சுவாள்: "அக்கா, நமக்கு வயலே இல்லையே, பாட்டு மாத்துங்கக்கா." மாற்றமாட்டேன். நெல்லில் வரும் குருத்துப்பூச்சியைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே ஜாக்கெட் தையல்காரி இந்த ஏரியாவில் நானாகத்தான் இருப்பேன். நாமாகத் தேடாத விஷயம் காதில் விழுவதுதான் எனக்கு இதில் பிடித்ததே. போனில் நான் தேடியதே திரும்பத் திரும்ப வருகிறது.

சென்னையில் வானொலி 1924இலேயே தொடங்கிவிட்டது. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் வந்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் பணமில்லாமல் 1927இல் நின்றது. 1930இல் மாநகராட்சி எடுத்து நடத்தியது. ரோட்டுக்கும் குப்பைக்கும் நாம் வரி கட்டும் அதே மாநகராட்சி! 1938 ஜூன் 16இல்தான் அகில இந்திய வானொலியின் நிலையம் எழும்பூரில் வந்தது. இப்போது காமராஜர் சாலையில் இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட் போனது, போன் சிக்னலும் போனது. தெருவில் தண்ணீர். பேட்டரி போட்ட வானொலி மட்டும் பேசியது. காசிமேட்டில் படகு வைத்திருப்பவர்களுக்கு வானிலை அறிவிப்பு எவ்வளவு முக்கியம் என்று சொல்லவேண்டியதில்லை. அந்த நாட்களில் எங்களுக்கும் அப்படித்தான்.

இரவில் வேறு கதை. சூரியன் போனதும் வானத்தின் மேலடுக்கில் பட்டு மீடியம் வேவ் வெகுதூரம் வரும். திருச்சி நிலையம், 936 கிலோஹெர்ட்ஸ், சில ராத்திரிகளில் நன்றாகக் கேட்கும், ஏறி இறங்கும்.

அகில இந்திய வானொலியின் நியூஸ் ஆன் ஏர் போன் செயலியிலும் இவை கிடைக்கும், இரைச்சல் இல்லை. ஆனால் இணையம் வழியாக வருவதால் தாமதம் உண்டு, அதில் வரும் மணியோசையை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தாதீர்கள்.

வாங்குவதானால் பெரிய கட்டை பேட்டரி போடுகிற பெட்டியாக வாங்குங்கள், நாள் கணக்கில் தாங்கும். கரண்டில் ஓட்டும் மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் உள்ளே கம்பிச்சுருள் அரித்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் கடைக்குள் வைத்து மீடியம் வேவைச் சோதிக்காதீர்கள், அங்கே இருக்கும் சார்ஜர்களுக்கும் விளக்குகளுக்கும் நடுவில் எந்தப் பெட்டியும் கத்தும். பேட்டரி போட்டு வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டுவந்து, 720இல் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடுங்கள்.