மட்டக்களப்பில் ஸ்டோரேஜ் வாங்குவோருக்கு எச்சரிக்கை: பச்சை ஐகானை நம்பிக் கையொப்பம் வைக்காதீர்கள்

மட்டக்களப்பில் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு விற்பனையாளர் இரண்டு எஃப்சி சுவிட்ச் (சேர்வர்களையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் ஃபைபர் சேனல் பெட்டி), ஒரு ஸ்டோரேஜ் அரே (பல டிஸ்க்குகள் கொண்ட சேமிப்புப் பெட்டி), மூன்று சேர்வர், இவற்றைக் கண்காணிக்க ஒரு முகாமைத்துவ மென்பொருள் எல்லாம் பொருத்தித் தந்தார். விலைமனுவிலும் பில்லிலும் அத்தனையும் புதியவை. உண்மையில் ஒரு சுவிட்ச் பழையது. மற்றச் சுவிட்சில் 24 போர்ட்டுக்குக் காசு வாங்கிவிட்டு 8 போர்ட்டுக்கு மட்டுமே உரிமம் போட்டிருந்தார்கள். மென்பொருள் சோதனைக்கால உரிமத்தில் ஓடியது. இவ்வளவையும் மூடி மறைத்தது, கையளிக்கும்போது தந்த "எல்லாச் சாதனங்களும் கண்டறியப்பட்டன" என்ற வண்ண அறிக்கை. "பச்சை எரியுதுதானே சேர், இனிப் பிரச்சினை இல்ல" என்பதுதான் விளக்கம்.

அந்தப் பச்சைக்கு அர்த்தம், அந்த ஐபி முகவரி பிங்குக்கு, அதாவது "இருக்கிறாயா" என்ற சிறு அழைப்புக்கு, பதில் சொல்கிறது என்பது மட்டுமே. ஐகானைத் திறந்து பார்த்தால் தொடர் இலக்கம் வெறுமை, ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் இருக்கும் மென்பொருள்) பதிப்பு வெறுமை, போர்ட் எண்ணிக்கை 0. அறிக்கையில் இருந்த தொடர் இலக்கங்கள் மென்பொருள் திரட்டியவை அல்ல, கையால் தட்டச்சு செய்தவை.

மென்பொருள் முதலில் கொடுத்த ஐபி வரம்பில் யார் பதில் சொல்கிறார்கள் என்று தேடும். பிறகு சாதனங்களிடம் விபரம் கேட்கும் நெறிமுறையான எஸ்என்எம்பி வழியாக, யுடிபி 161ஆம் போர்ட்டில் (இது வலையமைப்பு வாசல் இலக்கம், சுவிட்சின் துளை அல்ல), "நீ என்ன சாதனம்" என்று கேட்கும். சுவிட்சின் கணக்கு விபரம் சரியாக இருந்தால், ஒரு சுவிட்சை மட்டும் கொடுத்தாலே போதும். அதே ஃபேப்ரிக்கில் (ஒன்றோடொன்று இணைந்த எஃப்சி சுவிட்ச்களின் வலையில்) உள்ள மற்றச் சுவிட்ச்களையும், உள்நுழைந்திருக்கும் எச்பிஏ (சேர்வரில் உள்ள எஃப்சி அட்டை), அரே போர்ட்களின் டபிள்யூடபிள்யூஎன்களையும் (எஃப்சி முகவரிகளையும்) அந்தச் சுவிட்ச் வைத்திருக்கும் நேம் சேர்வர் என்ற பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடும். எங்களுடையதுபோல இரண்டு சுவிட்சும் தனித்தனி ஃபேப்ரிக் என்றால் இரண்டையும் கொடுக்க வேண்டும். அரேயின் விபரம் வேறு வாசலால் வரும்: ஸ்டோரேஜுக்கான பொது இடைமுகமான எஸ்எம்ஐ-எஸ் என்றால் வழக்கமாக 5989ஆம் போர்ட், அல்லது தயாரிப்பாளரின் சொந்த இடைமுகம். சேர்வருக்கு எஸ்எஸ்எச் (லினக்ஸ் போன்றவற்றில்), டபிள்யூஎம்ஐ (விண்டோஸில்) அல்லது சேர்வரிலேயே நிறுவும் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும்.

இங்கேதான் கோளாறு வரும். எஸ்என்எம்பி பதிப்பு 3இல் பயனர் பெயர் சரியாக இருந்தும் அங்கீகார முறையோ குறியாக்க முறையோ இரு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் விபரம் வராது. சுவிட்சின் அனுமதிப் பட்டியலில் மென்பொருள் சேர்வரின் ஐபி இல்லாவிட்டாலும், இடையில் ஃபயர்வால் யுடிபியை மறித்தாலும் அதே கதி. இவை எல்லாம் திருத்தக்கூடிய கோளாறுகள். எங்கள் விற்பனையாளர் திருத்தாமல் விட்டதற்குக் காரணம், விபரம் வந்தால் குட்டு வெளிப்படும் என்பதே. அட்மின் கடவுச்சொல்லையும் "பாதுகாப்புக்காக" தன்னிடமே வைத்திருந்தார். இது பாதுகாப்பு அல்ல, கழுத்தில் கட்டிய கயிறு. கடைசிப் பணத்தை விடுவிக்கு முன் கடவுச்சொற்களை எழுத்தில் வாங்குங்கள், அன்றைக்கே மாற்றுங்கள், மென்பொருளுக்கு வாசிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு போடுங்கள். எஸ்என்எம்பி பதிப்பு 1, 2சி இரண்டிலும் கம்யூனிட்டி சொல் (கடவுச்சொல்போலப் பயன்படுவது) குறியாக்கம் இல்லாமலே வலையமைப்பில் போகும். ஆகவே பதிப்பு 3ஐயே கேளுங்கள்.

சரியான கணக்கைக் கொடுத்ததும் உண்மை தானாக வந்தது. புரோக்கேட் தயாரிப்புச் சுவிட்சில் சேசிஸ்ஷோ கட்டளையைக் கொடுத்தால் டைம் அலைவ், டைம் அவேக் என்று இரண்டு வரிகள் காட்டும். அவேக் என்பது கடைசியாக இயக்கியதிலிருந்து கடந்த காலம். கரண்ட் போய் வந்தால் அது திரும்பத் தொடங்கும். அலைவ் என்பது அந்தப் பாகம் பிறந்ததிலிருந்து மின்சாரத்தில் இருந்த மொத்தக் காலம். "புதிய" சுவிட்சின் அவேக்கில் சில நாட்கள், அலைவில் நான்கு வருடத்துக்கும் மேல்! அதே வெளியீட்டில் தொழிற்சாலைத் தொடர் இலக்கமும் வரும். அதைப் பெட்டியில் ஒட்டிய இலக்கத்துடனும் பில்லுடனும் ஒப்பிடுங்கள், பிறகு அந்த இலக்கத்தின் உத்தரவாதம் யார் பெயரில் இருக்கிறது என்று தயாரிப்பாளரிடமே கேளுங்கள்.

அதே புரோக்கேட் சுவிட்சின் சுவிட்ச்ஷோ கட்டளையில் உரிமம் இல்லாத போர்ட்டின் எதிரே "நோ பிஓடி லைசென்ஸ்" (போர்ட் உரிமம் இல்லை) என்று எழுதியிருக்கும். துளை இருக்கும், கேபிள் செருகலாம், லிங்க் மட்டும் வராது. சிஸ்கோ எம்டிஎஸ் வகைச் சுவிட்ச் என்றால் ஷோ இன்வென்டரி கட்டளை பாகம் பாகமாகத் தொடர் இலக்கம் தரும்.

டிஸ்க்குகளையும் விடாதீர்கள். பல அரேகளின் திரையிலேயே ஒவ்வொரு டிஸ்க்கும் இயங்கிய மணித்தியாலம் தெரியும். ஆனால் டிஸ்க் தன்னைப் பற்றி வைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவில் உள்ள இந்த எண்ணை அழித்துப் பூச்சியமாக்க முடியும். 2025 தொடக்கத்தில் வெளியான விவகாரத்தில், புதியவை என்று விற்கப்பட்ட பழைய சீகேட் டிஸ்க்குகளைக் காட்டிக்கொடுத்தது ஃபார்ம் என்ற வேறொரு உள்பதிவு. சேர்வரில் நேரடியாகப் பொருத்திய சீகேட் டிஸ்க் என்றால் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவியின் 7.4 அல்லது பிந்திய பதிப்பால் அதை வாசிக்கலாம்.

மென்பொருளின் உரிமப் பக்கத்தைத் திறந்து காலாவதித் திகதியைப் பாருங்கள். எங்களுடையதில் சோதனைக்காலம் முடிந்ததும் திரட்டல் நின்றுவிட்டது. திரையில் பழைய விபரம் பச்சையாகவே நின்றது. சாதனப் பட்டியலில் ஒவ்வொரு சாதனத்துக்கும் கடைசியாகத் திரட்டிய நேரம் என்றொரு நிரல் இருக்கும், பார்க்க வேண்டியது அதைத்தான். கையளிக்கும் நாளில் விற்பனையாளரின் மடிக்கணினியை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் முன்னிலையில் பழைய பதிவுகளை அழித்துப் புதிதாகத் தேடச் சொல்லுங்கள். பிறகு ஒரு கேபிளைக் கழற்றுங்கள். அடுத்த திரட்டலுக்குப் பிறகும் திரையில் அந்த போர்ட்டின் நிலை மாறாவிட்டால் திரட்டல் வேலை செய்யவில்லை.

ஏமாந்திருந்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், தொலைபேசி 1977. முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். பில், விலைமனு, சேசிஸ்ஷோ வெளியீட்டின் அச்சுப்பிரதி மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.