புறா நெட் போடக் கட்டின 18,500 போச்சு: முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுத்துடாதீங்க

18,500. பால்கனிக்கு நெட் கட்டி, புறாவுக்கு ஒரு கீறல்கூட விழாம விரட்டித் தர்றோம்னு சொல்லி வாங்கின காசு. இன்னிக்குக் காலையில அதே நெட்டுல ஒரு புறா கால் சிக்கித் தலைகீழா தொங்குது. ஒரு துண்டைப் போட்டு மூடி, காலைச் சுத்தியிருந்த நூலைக் கத்தரிச்சு விட்டாச்சு. பறந்து போயிடுச்சு. அந்தக் கோபம் அடங்கறதுக்குள்ள எழுதறேன், வார்த்தை தடிச்சா பொறுத்துக்கோங்க.

பேரு சொல்லப் போறதில்ல. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஆப் ஒண்ணு, அதுல பதிவு பண்ணியிருக்கிற பறவைத் தடுப்பு கான்ட்ராக்டர். எந்த ஆப்பைத் திறந்தாலும் இதே மாதிரி ஆள் இருப்பாங்க. என்னென்ன பார்த்து வேலை கொடுக்கணும்னு கடைசியில வரிசையா சொல்றேன்.

நம்ப வச்சது சாம்பிள் துண்டுதான். அளவெடுக்க வந்தவர் பையிலிருந்து எடுத்துக் கையில கொடுத்தாரு. கறுப்பு பாலிஎத்திலீன், யூ.வி. தாங்கற ரகம், ஒவ்வொரு கண்ணுக்கும் (வலை ஓட்டைக்கும்) முடிச்சு, கண் அளவு 50 மி.மீ. புறாவுக்கு அதுதான் சரி. சிட்டுக்குருவியையும் தடுக்கணும்னா 19 மி.மீ.க்கு இறங்கணும். ரெண்டு கையாலயும் இழுத்தா முடிச்சு நகரல. எப்படிக் கட்டுவீங்கன்னு கேட்டதுக்கு வந்த பதிலும் சுத்தம்: மூலைக்கு மூலை ஐ போல்ட் (தலையில வளையம் இருக்கிற போல்ட்), சுத்திவர 2 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பிக் கயிறு, அதை டர்ன்பக்கிள்னு ஒரு திருகு போட்டு முறுக்கி இறுக்கறது, இடையில அரை மீட்டருக்கு ஒரு பிடிப்பு, அந்தக் கம்பியில ஹாக் ரிங் (அழுத்தி மூடற சின்ன வளையம்) போட்டு நெட்டைக் கோக்கறது. வேலை தெரிஞ்சவன் சொல்ற பதில் இதுதான், குறை சொல்ல இடமே இல்ல. “முழுத் தொகையும் ஆப்ல கட்டினாதான் சார் 5 வருஷ வாரண்டி சிஸ்டத்துல ஏறும்”னாரு. 18,500 அந்த இடத்துல போச்சு.

வேலைக்கு வந்தது வேற ஆளுங்க. கொண்டு வந்தது வேற நெட். மெல்லிசான நைலான், கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒத்தை இழை. சாம்பிள் எங்கேன்னா “அதைவிட இது பார்க்க நீட்டா இருக்கும் சார்”. நைலான் தண்ணியை இழுக்கும், ஈரத்துல நீண்டு தொய்யும், வெயில்ல சீக்கிரம் நொறுங்கும். போதாததுக்குப் பறவைக்கு ஒத்தை இழை கண்ணுக்கே தெரியாது, நேரா வந்து மோதும். கம்பிக் கயிறு, போல்ட், டர்ன்பக்கிள் எதுவுமே கிடையாது. பெயின்ட் மேல, தூசியைக்கூடத் துடைக்காம, பசை கொக்கி. ஒரு கொக்கிக்கும் அடுத்ததுக்கும் ஒரு ஆள் தலையை நுழைக்கலாம்.

நெட்ல ஆபத்து தொய்வுலதான் இருக்கு. இழுத்துக் கட்டின நெட்ல புறா மோதினா அது தள்ளி விட்டுடும். தொளதொளன்னு இருந்தா மடிப்பு விழும், அந்த மடிப்புல கால் நுழையும், உதற உதற இழை இறுகும். இன்னிக்குக் காலையில நடந்தது அப்படியே இதுதான். ஏ.சி. குழாய் போற மூலையில இடைவெளி விட்டா, புறா நெஞ்சை அழுத்தி உள்ள நுழைஞ்சுடும், வெளிய வர வழி தெரியாம முட்டிக்கிட்டுக் கிடக்கும். இவங்க விட்டது கை நுழையற இடைவெளி.

இன்னொரு அநியாயம், ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னாடி கூடு இருக்கான்னு எட்டிக்கூடப் பார்க்கல. இருந்துச்சு, குஞ்சோட. அதை உள்ள வச்சு மூடிட்டாங்க. நல்லவேளை, தாய்ப்புறா வெளிய முட்டி முட்டிச் சுத்தினதைப் பார்த்து அந்தப் பக்கம் நெட்டை அவுத்து விட்டாச்சு. புறா ஒரு ஈட்டுக்கு ரெண்டு முட்டை, பொரிய 18 நாள் பக்கம், குஞ்சு பறக்க மேல ஒரு மாசம். அது வரைக்கும் காத்திருந்து, கூட்டை எடுத்து, சுத்தம் பண்ணி, அப்புறம் மூடறதுதான் முறை. உள்ளயே செத்துச்சுன்னா நாத்தத்தோட நிக்காது, கூட்டுல இருக்கிற உண்ணி வீட்டுக்குள்ள இறங்கும்.

அதே 18,500-ல ‘இலவசமா’ ரெண்டு அயிட்டம். ஒண்ணு அல்ட்ராசோனிக் பெட்டி. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒலி விடும்னு அட்டையில அச்சடிச்சிருக்கு. புறாவுக்குக் காது கேக்கறதே சுமார் 10 கிலோஹெர்ட்ஸோட முடிஞ்சுடும். நமக்கே கேக்காத சத்தம் நம்மளைவிட மேல் சத்தம் கம்மியா கேக்கற பறவைக்கு எப்படிக் கேக்கும்? அந்தப் பெட்டி மேலயே ஒரு புறா உக்காந்திருக்கு, போட்டோ அனுப்பியாச்சு. ரெண்டாவது, விளிம்பு பூரா தடவின பிசின் ஜெல். சின்னப் பறவை இறகுல ஒட்டினா அதால பறக்க முடியாது. வெயிலுக்கு இளகிச் சுவர்ல வழியும், தூசி படிஞ்சா வெறும் மேடு, புறா வசதியா உக்காந்துக்கும். ‘மனிதாபிமான முறை’ன்னு பில்லுல எழுதி இதைத் தடவிட்டுப் போயிருக்காங்க!

அதுக்கப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. முதல்ல “புறாவுக்குப் பழக கொஞ்ச நாள் ஆகும் சார்”. அப்புறம் “மழைக்கு அப்படித்தான், வெயில் வந்தா நெட் தானா டைட் ஆயிடும்”. கொக்கி பொலபொலன்னு கழண்டு விழுந்ததும் “வாரண்டி நெட்டுக்குத்தான், கொக்கிக்கு இல்ல”. நெட்டே வேறன்னு சாம்பிள் படத்தைப் போட்டுக் கேட்டா “ஸ்டாக் மாறியிருக்கும்”. கான்ட்ராக்டரைக் கேட்டா ஆப்பைக் கேளுங்கறாரு, ஆப்பைக் கேட்டா சேவை கொடுத்தவரைத் தொடர்பு கொள்ளுங்கள்னு ரோபோ பேசுது. போட்டோ பார்த்தியான்னு கேட்டதுக்குப் பதில், ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’ 18,500-க்கு எத்தனை நட்சத்திரம் கொடுக்கறது, நீங்களே சொல்லுங்க.

வரிசையா எழுதறேன்னு சொன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

நெட் ரகம், கண் அளவு, கம்பிக் கயிறு, பிடிப்பு இடைவெளி நாலும் பில்லுல எழுத்துல வேணும். சாம்பிள் துண்டைத் திருப்பிக் கொடுக்காதீங்க, வேலையன்னிக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க, வேற நெட்டா இருந்தா ஏணி போடவே விடாதீங்க.

பாதிப் பணம் வேலை முடிஞ்சு நெட்டை உள்ளங்கையால அழுத்திப் பார்த்த பிறகு. தொய்ஞ்சா கொடுக்காதீங்க.

அல்ட்ராசோனிக், ஜெல், பிளாஸ்டிக் ஆந்தை எது சேர்த்தாலும் வேண்டாம்னு சொல்லுங்க. ஆந்தை பொம்மை நாலு நாளைக்குத்தான், அது அசையாதுன்னு புறா கண்டுபிடிச்சுடும்.

குறுகலான விளிம்புன்னா நெட்டே தேவைப்படாது. 45 டிகிரிக்கு மேல, முடிஞ்சா 60, சரிவா ஒரு தகடு அடிச்சா கால் நிக்காது. ஸ்பைக்னா விளிம்போட முழு அகலத்துக்கும் வேணும், பின்னாடி இடம் விட்டா அங்க குச்சி சொருகிக் கூடே கட்டிடும். யாராவது அரிசி, தானியம் போடறதை நிறுத்தாம இதுல எது பண்ணியும் பலன் கம்மிதான்.

எச்சத்தைக் காய்ஞ்சபடி பெருக்க விடாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும். என்95 மாஸ்க், கையுறை, முதல்ல தண்ணி தெளிச்சு நல்லா ஊறவிட்டுச் சுரண்டணும். நம்ம வீட்டுக்கு வந்தவங்க துடைப்பத்தை எடுத்து அப்படியே கீழ் வீட்டுப் பால்கனியில தள்ளி விட்டுட்டுப் போயிட்டாங்க, அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்க இப்பதான் கிளம்பறேன்.